பரணில் கசிந்த தண்ணீர்

தண்ணீரைப் போலக் கள்ளத்தனம் உள்ளது வேறெதுவும் இல்லை. ஓரிடத்தில் நுழையும், இன்னோரிடத்தில் தலைகாட்டும். கூரை விளிம்பில் புகுந்து, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, சமையல் மேடைக்கு அடியில் வந்து எட்டிப்பார்க்கும். நாம் அந்த மேடையைப் பிரித்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருப்போம். பழைய வண்டி வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். வண்டி வீடுகள் நிறுத்தும் எங்கள் கடற்கரை முகாமில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் முதலில் காற்றைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து யார் வண்டியில் எங்கே ஒழுகுகிறது என்று பேசுவார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான், நேரம் இருந்தால்.

என் வண்டியில் ஒழுகிய இடம் பரண். டிரைவர் இருக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் படுக்கையைத்தான் சொல்கிறேன். ஏணி வைத்து ஏற வேண்டும். என் வண்டி என்றா சொன்னேன்? எங்கள் வண்டி. நானும் ரன்வெய்யும் சேர்ந்து வாங்கியது.

மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல்கழியான ஃபியோர்டைக் கடக்கும் ஃபெர்ரியில், கார்த்தளத்துக்கு மேலே இருந்த காபிக் கடையில் நாங்கள் இருவரும் பாதி ஆயுளைக் கழித்தோம். ஸ்வேலே என்ற தடித்த அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவி, பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து மடித்துக் கொடுப்பதுதான் வேலை. அவள் மாவு ஊற்றுவாள், நான் திருப்பிப் போடுவேன். ஓய்வு பெற்றதும் வாடகை வீடுகளை விட்டுவிட்டு இந்த வண்டியை வாங்கினோம். குளிர்காலம் முழுக்க முகாமில் இருந்துவிட்டு, மே மாதம் வடக்கே கிளம்பி, சாலை முடிகிற இடம் வரைக்கும் போவது என்று திட்டம். எனக்கு ஓட்டத் தெரியும், அவளுக்கு வழி பார்க்கத் தெரியும். எனக்குக் கீழ்ப்படுக்கை, அவளுக்குப் பரண். "மேல படுத்தாத்தான் நீ விடற குறட்டை காதுல விழாது" என்று அவளே பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்டில் கொட்டிய ஒரு மழையில் அவள் தலையணை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவளுக்கு இளைப்பு உண்டு, ஈரம் ஆகாது.

"இந்தப் பூஞ்ச நாத்தம் நெஞ்சைப் பிடிக்குதுடி தோருன். நீ இதைச் சரி பண்ணு. காஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த ரயிலப் பிடிச்சு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டிராமன் நகரில் இருக்கும் மகள் ஹில்டே வீட்டுக்குப் போனாள். ஒரே ஒரு பெட்டிதான் எடுத்துக்கொண்டாள். இறகுப் போர்வையும் தலையணையும் பரணிலேயே இருக்கட்டும் என்றாள். எங்கள் ஊரில் கணவன் மனைவியே ஆனாலும் ஆளுக்கொரு போர்வைதான். போர்வையை விட்டுப் போகிறவள் திரும்பி வருவாள் என்று அர்த்தம். யாரும் சொல்லித்தந்த அர்த்தமல்ல, நானாக எடுத்துக்கொண்டது.

ஆக, கணக்கு எளிது. பரண் காய்ந்தால் ரன்வெய் வருவாள். காயாவிட்டால் மே மாதம் நான் தனியாக இந்தத் தகர டப்பாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் போக வீடு இல்லை. எனக்கு வேறு தோழிகளும் இல்லை. ஃபெர்ரியில் ஆயிரம் பேருக்குக் காபி கொடுத்திருக்கிறேன், ஒருவர் பெயரும் தெரியாது.

பக்கத்து இடத்தில் வண்டி போட்டிருந்தவர் ஹால்வார்ட். சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். எதைக் கேட்டாலும் விடை தெரியும் அவருக்கு. அது சரியான விடையா என்பது வேறு விஷயம். ரன்வெய் போன கையோடு நானும் அவரும் கூரைமேல் ஏறி, கூரை ஜன்னலைச் சுற்றிக் கெட்டியாகிப் போயிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை வைத்து அடைத்தோம்.

"இனிமே இதுல நோவாவோட வெள்ளம் வந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராது" என்றார்.

அக்டோபரில் பரண் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். சில்லென்று ஈரம். சுவரோரம் பலகை கறுத்திருந்தது.

"அப்ப முன் விளிம்பு" என்றார் ஹால்வார்ட், கொஞ்சமும் வெட்கப்படாமல். முன் விளிம்பை அடைத்தோம். மறுபடி ஈரம். "பக்கவாட்டு விளக்கு வழியா வருது. சந்தேகமே இல்ல." விளக்கைக் கழற்றி அடைத்தோம். மறுபடி ஈரம். நவம்பரில் தென்மேற்குக் காற்று படுக்கைவாட்டில் மழையை அடித்தபோது, அது காற்றுத் துளைகள் வழியாகத்தான் உள்ளே பீச்சுகிறது என்று முடிவுசெய்து அவற்றையும் பட்டையான டேப்பால் ஒட்டினார். கூரையில் ஒன்று, தரையில் இரண்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒன்று.

முகாமே வந்து யோசனை சொன்னது. ஜெர்மன்காரர் ஒருவர் வண்டியைச் சாய்த்து நிறுத்தச் சொன்னார். இன்னொருத்தி இதை விற்றுத் தொலைத்துவிட்டு ஒரு நாய் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் எல்லோரையும் திட்டினேன். திட்டினால் யாராவது பதில் பேசுவது எனக்குப் பழக்கம். பரண் பேசாமல் இருந்தது. ஆள் இல்லாத இடத்தைச் சூடாக்குவானேன் என்று அதன் திரையை இழுத்து மூடி வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் போனில் பேசுவோம்.

"காஞ்சுதா?" அவள் குரலில் முதல் சொல் அதுதான்.

"இல்லடி. இப்ப விளக்குங்கறார் மனுஷன்."

"போன வாரம் விளிம்புன்னாரே?"

"போன வாரம் விளிம்பு. வர்ற வாரம் என் தலைக்குள்ளதான் ஓட்டைன்னு சொல்லுவார்."

"அதுல தப்பில்லையே" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது. "இங்க தரைக்கு அடியிலயே சூடு ஓடுது, தெரியுமா? வெறுங்காலோட நடக்கறேன்."

"கொடுத்து வெச்சவ."

"நீ விடாதே. நிதானமாத் தேடு. அவசரப்பட்டு எதையாவது உடைச்சு வெக்காதே."

"நீ வரும்போது உன் மெத்தை பஞ்சு மாதிரி இருக்கும், பாரு."

"ம்" என்றாள்.

போனை வைத்த பிறகு வண்டிக்குள் வரும் அமைதி இருக்கிறதே, அதை நான் எதிரிக்கும் தரமாட்டேன். உடனே உருளைக்கிழங்கு வேகவைக்கத் தொடங்குவேன். மூடி துள்ளும் சத்தமாவது இருக்கட்டும் என்று.

ஜனவரியில் ஒரு நாள் காற்றே இல்லாமல் விடிந்தது. எங்கள் கடற்கரையில் அது அதிசயம். ஹால்வார்ட் இலை ஊதும் இயந்திரம் ஒன்றையும், ஒரு வாளி சோப்புத் தண்ணீரையும், பெயின்ட் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குத் திருடனைப் பிடிச்சுடலாம்" என்றார். "உள்ள காத்தை ஊதி வண்டியை உப்ப வைப்போம். வெளியில சோப்பைத் தடவுவோம். எங்க ஓட்டையோ அங்க குமிழி வரும். டியூப்ல பஞ்சர் பாக்கற மாதிரிதான்."

"இதை செப்டம்பர்லயே செஞ்சிருக்கலாமே பெரியவரே?"

"செப்டம்பர்ல எனக்கு இது தோணலையே தாயே."

காஸை மூடினோம். பக்கவாட்டு ஜன்னலில் ஒரு பலகையை வைத்து அடைத்து, அதில் ஓட்டை போட்டு இயந்திரத்தின் வாயைச் செருகினோம். "மத்த துளையெல்லாம் ஏற்கெனவே ஒட்டியாச்சு. வேலை மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார். இயந்திரம் அலறியது. கதவு ரப்பர் விம்மியது. நான் ஏணியில் நின்று கூரை ஜன்னலைச் சுற்றி, முன் விளிம்பு முழுக்க, விளக்குகளைச் சுற்றி, ஒவ்வொரு திருகாணித் தலையிலும் சோப்பைத் தடவினேன். இருவரும் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தோம்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

கதவோரம் மட்டும் நுரை லேசாகப் பொங்கியது. கதவென்றால் அப்படித்தான் இருக்கும். பரணைச் சுற்றிச் சோப்பு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஹால்வார்ட் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோபமாக வண்டியைப் பார்த்தார், அது அவரை வேண்டுமென்றே அவமானப்படுத்தியதுபோல.

"இவ்வளவு பழைய வண்டியில ஒரு குமிழி இல்லைன்னா என்ன அர்த்தம்? புதுசுலயே வரும்!"

"அப்ப ஈரம் எங்கேருந்து வருது? ஆகாயத்துலேருந்தா?"

அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு தன் வண்டிக்குப் போய் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்துவந்தார். பரணுக்குள் தலையை நுழைத்து, சுவரைத் துணியால் துடைத்து, தாளைச் சதுரமாக வெட்டி நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டினார்.

"நாளைக்குக் காலையில பாக்கணும். தாளுக்குப் பின்பக்கம், சுவர்ப் பக்கம் தண்ணி கோத்திருந்தா வெளியிலேருந்து வருது. நம்ம பக்கம் கோத்திருந்தா..." என்று நிறுத்தினார்.

"இருந்தா?"

"முதல்ல பாப்போம்."

காலையில் அவர் வருவதற்குள் நானே திரையை விலக்கிப் பார்த்துவிட்டேன். தாளின் நம் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். விரலால் தொட்டேன், கோடாக வழிந்தது. பின்பக்கம் சுவர் சருகு மாதிரி காய்ந்திருந்தது. ஹால்வார்ட் வந்து பார்த்தார், நான் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மழை இல்ல" என்றார். "நீங்கதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"மூச்சு விட்டீங்க. ராவெல்லாம் ஒரு ஆள் விடற மூச்சுல ஒரு டம்ளர் தண்ணி இருக்கும். உருளைக்கிழங்கு வேற. கெட்டில் வேற. காஸ் எரிஞ்சாலே தண்ணி. இதோ, இந்தக் கம்பளிக் காலுறைங்க தொங்குதே, அது வேற. எல்லாம் போக வழி இல்லாம இங்கயே சுத்துது. குளிர்ந்த இடம் எங்க இருக்குதோ அங்க போய்ப் படியுது." சட்டென்று தரையைப் பார்த்தவர் எழுந்துவிட்டார். "அட! காஸ் எரியற இடத்துல காத்துத் துளையை அடைக்கக் கூடாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! எந்த முட்டாள் இதை ஒட்டினது?"

"நீங்கதான்."

"நான்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

"சரி, ஏன் பரண்ல மட்டும்? என் படுக்கை நல்லாக் காஞ்சுதானே இருக்கு?"

அவர் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார், "உங்க படுக்கையில ஆள் படுக்குதே. சூடு இருக்கு. அங்க போர்வையும் தலையணையும் சுவரோட ஒட்டிக் கிடக்குது, திரை மூடிக் கிடக்குது, ஆள் இல்ல. அதான் குளிர்ந்து போய் வேர்க்குது. கூரை ஜன்னலை அன்னைக்கே சரி பண்ணிட்டோம். செப்டம்பர்லேருந்து இந்த வண்டி ஒழுகவே இல்ல."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று டேப்பைப் பிய்க்கிறேன் பேர்வழி என்று தரையில் மண்டியிட்டேன். இத்தனை மாதம் நான் ஒருத்தியாக மூச்சுவிட்டு, ஒருத்தியாக உருளைக்கிழங்கு வேகவைத்து, ஒருத்தியாகத் திட்டிய திட்டெல்லாம் மேலே ஏறி, அவள் இல்லாத இடத்தில் போய்த் தண்ணீராகப் படிந்திருக்கிறது. அவள் வராதது ஈரத்தால் என்று நினைத்தேன். ஈரம் வந்ததே அவள் வராததால்தான். தனிமை என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன், கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். அது சில்லென்று இருந்தது.

ஆனால் மண்டியிட்டிருந்தபோதே இன்னொன்று உறைத்தது. ஒழுகவில்லை! வண்டி நன்றாக இருக்கிறது! ரன்வெய் வரலாம்!

அந்த வாரம் எனக்கு இருபது வயது குறைந்துபோனது. துளைகளையெல்லாம் திறந்தேன். கறுத்த பலகையை வினிகரால் துடைத்தேன். அவள் போர்வையையும் தலையணையையும் முகாம் சலவை அறையில் போட்டு, உலர்த்தும் இயந்திரத்தில் சூடாக எடுத்துவந்தேன். மெத்தைக்கு அடியில் காற்றுப் போகச் சட்டங்கள் வைத்து ஹால்வார்ட் ஆணி அடித்துக் கொடுத்தார். சோதனை செய்யாமல் அவளிடம் சொல்லக் கூடாது என்று, திரையைத் திறந்து வைத்துவிட்டு நானே பரணில் ஏறிப் படுத்தேன். அந்த வாரம் பார்த்துப் புயல் வந்தது. கடல் சாலை வரைக்கும் ஏறியது, வண்டி ஆடியது, மழை கூரையை உரித்தெடுத்தது. ஒவ்வொரு காலையும் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். காய்ந்த மரம். ஆள் படுத்த சூடு.

ஞாயிற்றுக்கிழமை மீனை அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"காஞ்சுதா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லிவிட்டால் என்ன சுவை? கொஞ்சம் இழுத்து, சீண்டி, அவள் கத்துவதைக் கேட்க வேண்டும் என்று ஆசை.

"அதை விடு. ஒண்ணு கேக்கறேன். நாளைக்கே எல்லாம் காஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கோ. என்னைக்கு ரயில் ஏறுவே?"

ஹில்டே வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நாளைக்கேவா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"பாக்கலாம்" என்றாள் ரன்வெய்.

எங்கள் கடற்கரையில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. பாக்கலாம் என்றுதான் சொல்வோம். கடைக்குப் புது அடுப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் கேப்டன் பாக்கலாம் என்றார், கடைசிவரை அடுப்பு வரவில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்த ஒருவனும் பாக்கலாம் என்றுதான் சொன்னான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரன்வெய்க்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். இத்தனை மாதத்தில் ஒரு முறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஒழுகிக்கொண்டிருந்ததே!

அவள் வேகவேகமாகப் பேசத் தொடங்கினாள். "இங்க செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டுக் குழு இருக்குடி, சும்மா போய்ப் பாத்தேன், ரெண்டாவது குரலுக்கு ஆள் இல்லையாம், பிடிச்சு நிறுத்திட்டாங்க. அப்புறம் ஹில்டே கட்டடத்துலயே கீழ்த்தளத்துல ஒரு சின்ன வீடு ஏப்ரல்ல காலியாகுதாம். சும்மா எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். நெஞ்சும் இங்க கொஞ்சம் தேவலை..." நிறுத்தினாள். "ஏன் திடீர்னு கேக்கறே? ஓட்டை கிடைச்சுடுச்சா?"

அந்தக் குரலில் இருந்தது ஆவல் இல்லை. பயம்.

ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்று, அவள் வாய்விட்டு மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் என்ன பேசுவது? இல்லாவிட்டால், கொடுத்த வாக்குக்காக வருவாள். பரணில் படுத்து, என்னிடம் சிரித்து, உள்ளுக்குள் டிராமனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது. கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது. நிமிர்ந்து பரணைப் பார்த்தேன்.

"எங்கடி கிடைக்குது" என்றேன். "நேத்து அடிச்ச புயல்ல மறுபடி ஒழுகிடுச்சு. மெத்தை தொப்பலா நனைஞ்சு கிடக்கு."

"ஐயோ பாவமே!" என்றாள் ரன்வெய். மூச்சை முழுசாக விட்டாள், எனக்குக் கேட்டது. "பழைய வண்டின்னா அப்படித்தான். நீ மனசைத் தளர விடாதே தோருன். முன் ஜன்னலைப் பாத்தீங்களா? அந்தக் கிழவர்கிட்டச் சொல்லு, எனக்கு முதல்லேருந்தே முன் ஜன்னல் மேலதான் சந்தேகம்."

"சொல்றேன். அடுத்த வாரம் பாக்கறோம்."

"பாத்துட்டு என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும். மறந்துடாதே."

"ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்."

"வேண்டாம், வேண்டாம், உனக்கு அங்க ஆயிரம் வேலை" என்றாள். இவ்வளவு லேசான குரலை ஆகஸ்டுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. "நானே கூப்பிடறேன்."

அதுவரை ஒரு ஞாயிறுகூட அவளாகக் கூப்பிட்டதில்லை.